அந்த ஜீப் கதையைச் சொல்லுங்க, அண்ணாச்சி

தன்னைத் தானே கிண்டல் பண்ணிக்கொள்கிற வேட்பாளரைத் தென்காசிப் பக்கம் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. மற்றவர்கள் சிங்கமே, சிறுத்தையே என்று போஸ்டர் ஒட்டிக்கொண்டிருக்க, சிவசைலம் மைக்கைப் பிடித்ததும் தன் வழுக்கைத் தலையைத் தடவிக் காட்டுவார்.

"எனக்கு ஓட்டுப் போட்டா ஒரு லாபம் உண்டு பாத்துக்கிடுங்க. கரண்டு போச்சுன்னா என் தலைய வெச்சே தெருவுக்கு வெளிச்சம் காட்டலாம். பன்னெண்டாப்புல கணக்குல ரெண்டு தடவ பெயிலு. அதனால எனக்குப் பொய்க்கணக்கு எழுதத் தெரியாது."

கூட்டம் சிரிக்கும். சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பக்கத்து வீட்டில் சொல்வார்கள். எதிர்த்து நின்றவர் எட்டுக் கார்களோடு வந்து மணிக்கணக்கில் முழங்கியதை ஒருவரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

குத்துக்கல்வலசைக்கு அவர் வந்த அன்று வேல்விழி போக விரும்பவில்லை. ஆனால் அவள்தான் அங்கே மகளிர் குழுத் தலைவி. சிவசைலத்தின் பிரச்சாரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த பிரின்ஸ் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டான். குழுப் பெண்கள் அதற்குள் சேலை மாற்றிக்கொண்டு தெருமுனையில் நின்றார்கள். தலைவி வராமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். பதில் சொல்ல அவளுக்கு இஷ்டமில்லை. போய், முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள்.

வழுக்கை முடிந்தது, கணக்கு முடிந்தது. சிவசைலம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏன் அண்ணாச்சி நடந்தே வாரிய, காரு இல்லியான்னு கேக்காவ. காரு இருக்கு. ஓட்டத்தான் தெரியாது! சின்ன வயசுல ஒரு தடவ ஜீப்பு ஓட்டிப் பாத்தேன். அது ரோட்டுல போகும்னு நெனச்சேன். அது பாட்டுக்கு ஒரு கடைக்குள்ள போயிட்டு. எறங்கி ஓடுன ஓட்டத்துல ஒத்தச் செருப்பு கழண்டு போச்சு. ஒரு ஜீப்ப ஒழுங்கா ஓட்டத் தெரியாத ஆளு, உங்க வரிப்பணத்துல வெளையாடுவேனா? எல்லாத்தையும் உங்களக் கேட்டுத்தான் செய்வேன்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்திலிருந்த முத்துச்செல்வி வேல்விழியை முழங்கையால் இடித்தாள். "என்னக்கா, கல்லு மாதிரி இருக்க? மனுசன் எப்படிச் சொல்லுதாருன்னு பாரு."

வேல்விழியின் காதில் அது விழவில்லை. அவள் மனது பழைய குற்றாலம் ரோட்டில் நின்றுகொண்டிருந்தது.

பதினெட்டு வருசத்துக்கு முந்தின சாரல் நேரம் அது. அவளுடைய அண்ணன் சொரிமுத்து அப்போது சிவசைலத்தின் வீட்டு ஜீப்புக்கு டிரைவர். போலீஸ் தேர்வில் எழுத்திலும் ஓட்டத்திலும் தேறி, வேலைக்கு உத்தரவு வருவதற்காகக் காத்திருந்தான். அவர்கள் வீட்டில் மாமா போலீஸ், சித்தப்பா பட்டாளம். காக்கி இல்லாத ஆண்பிள்ளையை ஆண்பிள்ளையாகவே எண்ணாத குடும்பம். அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தது சிவசைலம். ஜீப் ரோட்டோரத்து மங்குஸ்தான் பழக்கடைக்குள் போனது. சிவசைலம் ஓடிவிட்டார். சேதி கேட்டு வந்த அவருடைய அப்பா, சொரிமுத்துவின் தோளில் கையைப் போட்டு, "நீ உக்காருடே. லைசென்ஸ் உங்கிட்டதான் இருக்கு. உன் வெரிஃபிகேசனுக்கு முந்தியே கேஸ ஒண்ணுமில்லாம ஆக்கிருதேன்" என்றார். சிவசைலம் வீட்டு வயலில்தான் சொரிமுத்துவின் அப்பா காலமெல்லாம் வேலை பார்த்தார். சொரிமுத்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டான்.

கேஸ் ஒன்றுமில்லாமல் ஆகவில்லை. கேஸ் இருக்கிறவனுக்குப் போலீஸ் வேலை கிடையாது என்று தாள் வந்தது. பிறகு பாளையங்கோட்டை ஜெயிலில் மூன்று மாதம். நடந்ததை அவன் வெளியே சொன்னபோது, மாட்டிக்கொண்டதும் மாற்றிப் பேசுகிறான் என்றார்கள். ஊர் அவனைக் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன் என்று முடிவு கட்டியது. அவன் குடித்ததே இல்லை.

வேல்விழிக்கு அப்போது பத்தாம் வகுப்பு. சிவசைலத்துக்கு அவளை அடையாளம் தெரியாது. கூட்டம் கலைந்தபோது அவர் அவளைப் பார்த்துக் கும்பிட்டு, "நம்ம பேச்சுக்குச் சிரிக்கவே இல்லியேம்மா, நல்லால்லியோ?" என்று கேட்டார். உண்மையான கவலையோடு கேட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்று புரிந்தது. இந்த ஆள் எதையும் மறைக்கவில்லை. சொல்லிச் சொல்லிப் பழகி, கதையிலிருந்து மனுசர்கள் எல்லாரும் உதிர்ந்துபோய்விட்டார்கள். ஜீப்பும் செருப்பும்தான் மிச்சம். மறைத்திருந்தால் பயத்தில் செய்கிறான் என்றாவது விட்டிருப்பாள். மறந்திருந்தான். அதை அவளால் பொறுக்க முடியவில்லை.

"நல்லாருந்துச்சு அண்ணாச்சி. சட்டுனு முடிச்சிட்டிய. அடுத்த தடவ வெவரமாச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் குற்றாலத்துக்குப் போனாள். சொரிமுத்து அங்கே ஒரு லாட்ஜில் வாட்ச்மேன். அருவியில் தண்ணீர் இல்லாத சித்திரை மாதம். லாட்ஜ் காலியாகக் கிடந்தது. காக்கி போட வேண்டியவன் வெளிறிப்போன நீலச் சட்டையில் கேட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவள் சொன்னதை முழுதாகக் கேட்டான்.

"சிரிச்சாங்களா?" என்றான்.

"எல்லாரும்."

"விடுட்டி. யாரு கேக்கப் போறா? எனக்கு என்ன, உத்தியோகமா வரப்போகுது?"

"ஒனக்கு ஒண்ணுமே வேண்டாமாண்ணே?"

"அந்தப் பழக்காரம்மா" என்றான். "ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன். மூஞ்சியில எறிஞ்சிட்டாவ. இப்பவும் எப்பவாது குத்தாலத்துக்கு வருவாவ. என்னக் கண்டா மண்ண அள்ளித் தூத்திட்டுத்தான் போவாவ. அவியளுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

வேல்விழிக்கு அது போதாது. ஆனால் அதிலிருந்து தொடங்கலாம் என்று தோன்றியது.

அதன் பிறகு மேலகரத்தில், இலஞ்சியில், சிவசைலம் எங்கே பேசினாலும் முன்வரிசையில் வேல்விழியும் அவள் குழுவும் இருந்தார்கள். பிரின்ஸுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அவள் சிவசைலத்தை உன்னிப்பாகக் கவனித்தாள். பேசும்போது அவர் கண் முன்வரிசையை விட்டு நகராது. சிரிப்பு வராத ஜோக் அடுத்த ஊரில் இருக்காது. சிரிப்பு வந்த ஜோக் அடுத்த ஊரில் இரண்டு மடங்கு நீளும். சிரிப்புதான் அவருக்குச் சோறு. அதை அவள் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

வழுக்கைக்கு அவள் சிரிக்கவில்லை. கணக்குக்குச் சிரிக்கவில்லை. ஜீப் என்ற வார்த்தை வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். தலைவி சிரித்தால் குழு சிரிக்கும், குழு சிரித்தால் பின்னால் இருப்பவர்களும் சிரிப்பார்கள். மேலகரத்தில் அவர் "அது எங்க அப்பாவோட நீல ஜீப்பு" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தார். அவள் கைதட்டினாள். இலஞ்சியில் "பழைய குத்தாலம் ரோட்டுல" என்றார். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் குலுங்கினாள். அதற்கடுத்த கூட்டத்தில் "மங்குஸ்தான் கடை" வந்தது. பழம் உருண்டதும் குரங்குகள் அதைப் பொறுக்கியதும் வந்தன. அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நீர் உண்மையாகவே வந்தது. வீட்டுக்கு வந்து பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

ஜீப் கதையைப் பிரின்ஸே போனில் பிடித்துக் கட்சியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டான். அது சிவகிரி வரைக்கும் ஓடியது. மேடை ஏறியதும் ஜனங்களே கத்தத் தொடங்கினார்கள்: "அந்த ஜீப் கதையச் சொல்லுங்க, அண்ணாச்சி!" ஆனால் டிரைவர் என்ற சொல் மட்டும் அதுவரை வரவில்லை.

வேல்விழி பஸ் ஏறி அச்சன்புதூருக்குப் போனாள். பழக்காரி தங்கத்தாய் அங்கே மகள் வீட்டில் இருந்தாள். இடது கால் முட்டுக்குக் கீழே இல்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், வந்தது யார் என்று தெரிந்ததும் வெங்காயத் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"அந்தக் குடிகாரன் தங்கச்சியா நீ? திரும்பிப் போயிரு. என் வாயி நல்ல வாயி இல்ல."

"போயிருதேன் ஆச்சி. இத மட்டும் ஒரு தடவ கேட்டுட்டு என்ன வேணும்னாலும் ஏசுங்க."

போனை நீட்டினாள். திரையில் சிவசைலம் குரங்குபோல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நீல ஜீப்பு. பழைய குற்றாலம் ரோடு. மங்குஸ்தான். ஓடினது நான்தான், நான்தான் என்று நெஞ்சில் தட்டிச் சொன்னார். பின்னால் ஜனங்களின் சிரிப்பு. தங்கத்தாய் முழுதாகப் பார்த்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். முடிந்ததும் அவள் கை, இல்லாத காலின் மேல் தடவிக்கொண்டிருந்தது.

"அப்ப ஓட்டுனது இவனா?"

"ஆமா ஆச்சி."

"உங்க அண்ணன் அன்னைக்கு ஆஸ்பத்திரில வந்து அழுதான். நடிக்கான்னு நெனச்சேன்." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். வெங்காயமா அழுகையா என்று சொல்ல முடியவில்லை. "அடுத்து எங்கன பேசுதான் இந்தப் பய?"

குற்றாலம் பஜாரில் கூட்டம். வெயில் இறங்கி, மலைப் பக்கமிருந்து லேசாகக் காற்று வந்துகொண்டிருந்தது. சீசன் இல்லாததால் சிப்ஸ் கடைக்காரர்களும் எண்ணெய்க் கடைக்காரர்களும் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். தங்கத்தாயை ஆட்டோவில் கொண்டுவந்து முன்வரிசையில் தன் பக்கத்தில் உட்கார்த்தினாள் வேல்விழி. ஊன்றுகோலை நாற்காலிக்கு அடியில் போட்டாள். சொரிமுத்துவை அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வந்து தடுப்பான்.

சிவசைலம் அன்று உச்சத்தில் இருந்தார். தன் ஊர், கதை நடந்த இடம் என்ற உற்சாகம் வேறு.

"இந்தா, இங்கனதான், ஒரு கூப்பிடு தூரம். நல்ல சாரல். டிரைவரப் பாத்து, நீ அந்தப் பக்கம் தள்ளி உக்காருலேன்னுட்டு ஸ்டியரிங்கப் புடிச்சேன். பிரேக்குன்னு நெனச்சு ஒரு மிதி. அது ஆக்சிலேட்டரு! மங்குஸ்தான் எல்லாம் ரோட்டுல உருளுது. குத்தாலத்துக் குரங்குக்கெல்லாம் அன்னைக்குத் தீவாளி! நான் எறங்கி ஓடுனேன் பாருங்க, ஒத்தச் செருப்போட வீட்டு மச்சில போயி ஒளிஞ்சவன் ராத்திரிச் சோத்துக்குத்தான் எறங்குனேன்."

சிரிப்பு அடங்குவதற்குள் வேல்விழி எழுந்து, முகமெல்லாம் பல்லாகக் கேட்டாள். "போலீசு வரையில ஜீப்புக்குள்ள யாரு அண்ணாச்சி இருந்தா?"

அவர் யோசிக்கவே இல்லை. சிரிப்பின் வேகம் அவரை இழுத்துக்கொண்டு போனது.

"யாரு இருப்பா? அந்த டிரைவருதான்! எங்க அப்பா உக்காருன்னாரு, ஏமாளிப் பய, உக்காந்துட்டான். ஓட்டத் தெரிஞ்சவன் மாட்டிக்கிட்டான், ஓட்டத் தெரியாதவன் தப்பிச்சிட்டான். இதாம்யா அரசியலு!"

பஜாரே அதிர்ந்தது. விசில் அடித்தார்கள். பிரின்ஸ் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தானும் சிரித்தான். குத்துக்கல்வலசைக் கூட்டத்துக்குப் பிறகு முதல் தடவையாக, ஜீப் கதைக்கு வேல்விழி சிரிக்கவில்லை. குனிந்து ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தாள்.

தங்கத்தாய் எழுந்தாள். அவள் எழுந்து நிற்க நேரமாயிற்று. அதற்குள் முன்னால் இருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள்.

"எய்யா, பழம் உருண்டதச் சொன்னிய. குரங்கு தின்னதச் சொன்னிய. என் காலு போனதச் சொல்லலியே?"

சேலையை முட்டு வரைக்கும் தூக்கிப் பிடித்தாள். பின்னால் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்ல, சிரிப்பு வரிசை வரிசையாகச் செத்தது. கடைசியில் மைக்கின் இரைச்சல் மட்டும் மிச்சம்.

"அம்மா, நீங்க... யாரு?" என்றார் சிவசைலம்.

"நீரு பூந்த கடைக்காரி."

வேல்விழி திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து நின்றாள். "அந்த ஏமாளிக்குப் பேரு சொரிமுத்து. எங்க அண்ணன். போலீசு வேலைக்குத் தேறி இருந்தான். இவரு மச்சில ஒளிஞ்சிருந்த நேரத்துல அவன் ஸ்டேசன்ல இருந்தான். பொறவு ஜெயில்ல இருந்தான். இப்ப இந்தா, ரெண்டு தெரு தள்ளி லாட்ஜு வாசல்ல இருக்கான்."

சிவசைலத்துக்கு வேறு வித்தை தெரியாது. கை தானாகத் தலைக்குப் போயிற்று. "பாத்தியளா, இந்த மொட்ட மண்டைக்குள்ள அன்னைக்கும் ஒண்ணும் இல்ல, இன்னைக்கும்..." என்று ஆரம்பித்தார். வாய் சிரித்தது. கண் முன்வரிசையில் ஒரு சிரிப்பைத் தேடியது. முத்துச்செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்தவள் தலைகுனிந்தாள். வேல்விழி மட்டும் கண்ணெடுக்காமல் அவரையே பார்த்தாள். அந்த மௌனத்தைப் பசித்தவள் சோற்றைத் தின்பதுபோல அவள் உள்ளே வாங்கிக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம் நீளட்டும் என்று இருந்தது. கடைசியில் யாரோ மைக்கை அணைத்தார்கள்.

பிரின்ஸ் தன் வீடியோவை அழித்தான். அதனால் ஒரு பலனும் இல்லை. பஜாரில் நூறு போன்கள் இருந்தன. ஜோக்கே சொல்லத் தெரியாத எதிர் வேட்பாளர், எங்கிருந்தோ ஒரு நீல ஜீப்பைப் பிடித்துத் தெருத் தெருவாக ஓட்டவிட்டார். தன் மேடையில் வந்து பேசும்படி வேல்விழிக்கு ஆள் அனுப்பினார். "உங்களுக்காகச் செய்யல" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

இரண்டாம் நாள் சிவசைலம் பிரின்ஸோடு வேல்விழியின் குத்துக்கல்வலசை வீட்டுக்கு வந்தார். சொரிமுத்து வீட்டில்தான் இருந்தான். தனக்குத் தெரியாமல் இதையெல்லாம் செய்ததற்காக அவன் தங்கையோடு பேசாமல் இருந்த நேரம் அது. வந்தவரை உட்காரச் சொன்னான். தான் உட்காரவில்லை.

"சொரிமுத்து, என்னடே இப்படி மெலிஞ்சிட்ட? நம்மள மாதிரி தொப்ப போடக் கூடாதா?" என்று சிரித்துப் பார்த்தார் சிவசைலம். யாரும் கூடச் சிரிக்கவில்லை. "தப்பு எங்க அப்பா மேலதான். செத்துப்போனவர என்ன சொல்ல? நான் சின்னப் பையன், பயந்துட்டேன்."

"நீரும் நானும் ஒரே வயசு" என்றான் சொரிமுத்து. ஒரு காலத்தில் சின்னய்யா என்று கூப்பிட்ட வாயில் நீரு என்றுதான் வந்தது. "ஒத்தச் செருப்பு கழண்டு போச்சுன்னு எல்லா ஊர்லயும் சொல்லுதீராம். நெசந்தான். அது கடை வாசல்ல, ரத்தத்துல கெடந்துச்சு. போலீசு கண்ணுல பட்டா நீரு மாட்டிக்கிடுவீருன்னு அத எடுத்து ஓடையில எறிஞ்சது நான். அதையும் சேத்துச் சொல்லும், இன்னும் நல்லாச் சிரிப்பாவ."

சிவசைலத்தின் முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரிப்பு முழுக்க வடிந்தது. பிரின்ஸ் இடையில் புகுந்து, "என்ன செய்யணும்னு சொல்லுங்க. செஞ்சிரலாம்" என்றான்.

"மேடையில சொன்னத கோர்ட்டுலயும் சொல்லச் சொல்லுங்க" என்றாள் வேல்விழி.

"கண்டிப்பாம்மா. தேர்தல் முடியட்டும்" என்றார் சிவசைலம்.

"அண்ணாச்சி, இத்தன நாளு நீங்க சொன்னதுலயே இதுக்குத்தான் எனக்கு நெசமாவே சிரிப்பு வருது" என்றாள் அவள். ஆனால் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து பிடித்தாள்.

அவர் தோற்றார். நூலிழையில் ஒன்றும் இல்லை, நன்றாகவே தோற்றார். குத்துக்கல்வலசைப் பெட்டியில் அவருக்கு விழுந்த ஓட்டு, அங்கே இருந்த அவருடைய சொந்தக்காரர்களைவிடக் குறைவு என்று பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு வேல்விழி பாயசம் வைத்தாள். அண்ணன் தொடவில்லை. அவள் இரண்டு டம்ளர் குடித்தாள். குழுப் பெண்களுக்கும் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஆனி பிறந்து அருவியில் தண்ணீர் விழுந்ததும் தங்கத்தாய் குற்றாலத்துக்கு வந்தாள். லாட்ஜ் கேட்டுக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். சொரிமுத்து எழுந்து நின்றான். பழக்கத்தில் முகத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"பயப்படாதலே" என்றாள் தங்கத்தாய். "ஒனக்கு விட்ட சாபம் எல்லாத்தையும் அவனுக்கு மாத்தி விட்டுட்டேன். குத்தாலநாதர் வாசல்ல நின்னு, பேரச் சொல்லி மாத்திட்டுத்தான் வாரேன். ஒண்ணு பாக்கி இல்ல."

அவன் அழுததை வேல்விழி அந்த ஆட்டோக்காரர் சொல்லித்தான் கேட்டாள். அன்று ராத்திரி அண்ணன் அவளிடம் சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பேச்சு அதோடு திரும்பியது.

அடுத்த வாரம் இருவரும் தென்காசி கோர்ட்டுக்குப் பின்தெருவில் இருந்த வக்கீல் உமா மகேஸ்வரியைப் பார்க்கப் போனார்கள். அவர் குற்றாலம் பஜார் வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். பழைய தீர்ப்பை எதிர்த்து மதுரையில் மனு போட வேண்டும், இத்தனை வருசத் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும், சிவசைலம் மேடையில் விளையாட்டாகச் சொன்னேன் என்பார், நாலு வக்கீல் வைப்பார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"வேலையெல்லாம் இனிமே வராதுல்லா, மேடம்?" என்று கேட்டான் சொரிமுத்து.

"வராதுங்க. பேரு மட்டும் சுத்தமாகும். அதுக்கே எத்தன வருசம்னு என்னால சொல்ல முடியாது. அவங்க இழுப்பாங்க."

"இழுக்கட்டும்" என்றாள் வேல்விழி. "அவரு சாகுறதுக்குள்ள முடிஞ்சாப் போதும்."

வக்கீல் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வேல்விழி பேனாவை வாங்கி அண்ணன் கையில் கொடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள்.